பெரிய எக்கே, சின்ன எக்கே

அத்தியாயம் 17

லாகோஸிலிருந்து விடிகாலை வண்டியை லிவினஸ் எடுத்துவிட்டார் என்ற செய்தி உமுவோபா கிராமத்து வீட்டுக்கு வந்தபோது, அவர் மனைவி பெர்பெத்துவா கொல்லையில் கீரை அரிந்துகொண்டிருந்தாள். கத்தியின் வேகம் கூடியது.

இன்று அவர்களுடைய ஒரே மகள் உசோமாக்காவின் கள் சுமக்கும் சடங்கு. ஊரறிய அப்பா கையிலிருந்து கள் கலயத்தை வாங்கி, கூட்டத்தில் ஒளிந்திருக்கும் மாப்பிள்ளையைத் தேடிப் போய் அவள் கொடுக்க வேண்டிய நாள். அந்த அப்பா இந்நேரம் பெனின் சாலையில், யாரோ வீட்டுப் பெட்டிகளையும் யாரோ வீட்டுக் குழந்தைகளையும் சுமந்துகொண்டு வருகிறார்.

"சித்தி, நானும் கொஞ்சம் அரியட்டுமா?" என்று கேட்டபடி ஓலன்மா பக்கத்தில் வந்து குந்தினாள்.

"வேண்டாம்மா. இதுக்குப் பெரிய கீரை, சின்ன கீரை வித்தியாசம் தெரியணும்."

ஓலன்மாவின் முகம் சுருங்கியது.

ஓலன்மா யார் என்று நினைவிருக்கும். லிவினஸின் அண்ணன் அம்புரோஸின் மகள். 'அம்புரோஸ் அண்ட் பிரதர்' பஸ் கம்பெனியின் அலுவலகத்தை இந்த வருஷம்தான் கையில் எடுத்தவள். கிறிஸ்துமஸ் வந்தால் கம்பெனிக்கு அறுவடை. ஊரையெல்லாம் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஓட்டுநர்கள் மட்டும் வீட்டுக்குப் போனதில்லை. அதை மாற்றுகிறேன் என்று அப்பாவோடு சண்டை போட்டு, அவள் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தாள். பண்டிகைக் காலத்தில் யார் யாருக்கு எந்த நாள் வேண்டுமோ, அவரவரே முன்கூட்டிச் சொல்லி லீவு எடுத்துக்கொள்ளலாம். அம்புரோஸ் கடைசியில் தலையாட்டினார், ஒரே ஒரு நிபந்தனையோடு: சொன்ன நாளை யாரும் மாற்றக் கூடாது.

"கிறிஸ்துமஸுக்குப் பின்னாடி வர்ற எக்கே" என்று சொன்னார் லிவினஸ்.

எக்கே என்பது சந்தை நாள். நான்கு நாளுக்கு ஒருமுறை வரும். லாகோஸில் பிறந்து வளர்ந்த ஓலன்மா நாள்காட்டியைப் பார்த்தாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாளே எக்கே. சரி என்று குறித்துக்கொண்டாள். அது சின்ன எக்கே. அதற்கு அடுத்து, இன்று வந்திருப்பதுதான் பெரிய எக்கே; லிவினஸ் சொன்னது இதை. சின்ன எக்கேயில் உமுவோபாவில் ஒருவரும் பெண் கொடுக்க மாட்டார்கள். கோழிகூட வெட்ட மாட்டார்கள்.

"ரெண்டு எக்கே இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலையே சித்தி."

"யாரு சொல்லுவா? தண்ணி ஈரமா இருக்கும்னு உனக்கு யாராவது சொல்லித் தந்தாங்களா?" பெர்பெத்துவா கத்தியைக் கீழே வைத்தாள். "உன் மேல கோவம் இல்ல ஓலன்மா. இருக்கு. ஆனா உன் மேல மட்டும் இல்ல. நீ நல்லது செய்யப் போய்த் தப்பு பண்ணின. தப்புன்னு தெரிஞ்சப்புறமும் மாத்த மாட்டேன்னாரே உங்கப்பா, அவருக்கு என்ன பேரு வெக்கிறது?"

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் வந்து நின்றது.

அம்புரோஸ் இறங்கினார். ஊர்ப் பெரியவர் பட்டம் பெற்றவர் அணியும் சிவப்புத் தொப்பி, கழுத்தில் பவளம், சிறுத்தைத் தலை போட்ட வெல்வெட் சட்டை. பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நின்று அவர் பட்டப்பெயரைச் சொல்லி வாழ்த்தினார்கள். ஒருவர் ஓடிவந்து கள் நீட்டினார். அவர் குவளையின் வாயைக் கையால் மூடினார்.

"வேண்டாம்ப்பா. இன்னைக்கு என் நாக்குல படற முதல் மடக்கு என் பொண்ணோட கலயத்துலேர்ந்துதான். லிவினஸ் இடத்துல நான்தானே உக்காரணும்."

பெர்பெத்துவா கீரைக் கையோடு வந்து எதிரே நின்றாள்.

"அத்தான், உங்க வண்டி முதுகுல 'அண்ட் பிரதர்'னு பெருசா எழுதியிருக்கே. படிச்சிருக்கீங்களா?"

"பெர்பெத்துவா, நாலு பேர் இருக்காங்க."

"அதான் கேக்கறேன். வண்டி வாங்கினப்ப அண்ட் பிரதர். ராப்பகலா ஓட்டறப்ப அண்ட் பிரதர். அந்தப் பிரதர் பொண்ணுக்குக் கல்யாணம்னா, வெறும் டிரைவரா?"

"என் தம்பிக்கு மாத்திக் குடுத்தா, நாளைக்கு மத்த டிரைவருங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? சட்டம்னா முதல்ல சொந்த வீட்டுக்கு. பைபிள்லயே இருக்கு."

"எந்தப் பக்கத்துல இருக்குன்னு காட்டுங்க அத்தான். அந்தப் பக்கத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டு, அப்புறம் பாவமன்னிப்பு கேட்டுக்கறேன்."

யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். அம்புரோஸ் பந்தலுக்குள் போய், பெண்ணின் தகப்பனுக்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

* * *

நைஜர் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் ஊர்ந்தன. வாழைப்பழ வறுவல் விற்கிற பெண்கள் ஜன்னல்களுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

லிவினஸ் பாட்டுகூடப் போடவில்லை. முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த துணிக்கடை அம்மா பெனினிலிருந்தே அவரைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"டிரைவர், வெயில் இப்படிக் கொளுத்துது. யூனிபார்முக்குள்ள இன்னொரு சட்டை எதுக்கு?"

லிவினஸ் காலரை இழுத்து மூடினார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். நீல யூனிபார்மின் கழுத்தோரம் வெல்வெட்டில் ஒரு சிறுத்தையின் காது.

"இது விசேஷத்துக்குப் போடற சட்டையாச்சே. யாருக்கு விசேஷம்?"

"என் பொண்ணுக்கும்மா. இன்னைக்கு."

"எங்க?"

"உமுவோபா."

"அது போற வழியில திரும்பணும். நீ ஓவேரிக்கில்ல போற?"

"ஆமாம்மா."

"லீவு கேக்கலையா?"

"கேட்டேன். எல்லாருக்கும் பிடிச்ச நாள் குடுக்கறாங்க இந்த வருஷம். என் நாள் மாறிப்போச்சு." அவர் நிதானமாகத்தான் சொன்னார். ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேலைக்கு வராம இருந்திருக்கலாம். உங்க எல்லாருக்கும் சீட்டு குடுத்தாச்சு. உங்க வீட்டுலயும் யாராவது வாசல்ல நின்னுட்டிருப்பாங்க. நீங்க என்ன பாவம் பண்ணினீங்க?"

"உன் முதலாளி எந்த ஊர் ராட்சசன்?"

"என் கூடப் பிறந்த அண்ணன்."

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பின்னாலிருந்த ஒரு பெண், தன் கல்யாணத்தில் அப்பாவின் இடத்தில் அவர் புகைப்படத்தை வைத்திருந்ததாகச் சொன்னாள். உயிரோடு இருக்கிற அப்பாவை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு எதற்கு அந்தக் கதி என்றாள். கறுப்புக் கண்ணாடிக்காரன் ஒருவன் மட்டும், "நான் இருட்டறதுக்குள்ள ஓவேரி போகணும். என் அம்மா காத்திருக்காங்க" என்றான்.

"தம்பி, உன் அம்மா உனக்கு என்ன சமைச்சு வெச்சிருப்பாங்க?" என்று கேட்டாள் துணிக்கடை அம்மா.

"என்ன, சோறும் குழம்பும்."

"உமுவோபாவுல ஆடு வெட்டியிருப்பாங்க."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். "கொஞ்ச நேரம்தானே?" என்றான்.

"வேண்டாம்மா," என்றார் லிவினஸ். "அண்ணனுக்குத் தெரிஞ்சா சாவியை வாங்கிடுவாரு."

"வண்டி அவருது. அதுல உக்காந்திருக்கற நாங்க அவரோட ஆளுங்க இல்ல. எங்களுக்கு எல்லாருக்கும் உமுவோபாவுல அவசரமா வயித்த வலி. திருப்பு."

ஆண்டவர் சிலரிடம் தேவதூதர்களை அனுப்புகிறார். சில சமயம் அவர்கள் மடியில் வறுவல் பொட்டலத்தோடு முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

* * *

உசோமாக்கா சடங்கின்படி மூன்றாவது முறையாக வெளியே வந்தபோது மேளம் உச்சத்தில் இருந்தது. காலிலும் கழுத்திலும் பவளம். தோழிகள் விசிறியோடு சுற்றி ஆடிவந்தார்கள். மாப்பிள்ளை ஒபியோரா அவன் கூட்டாளிகளுக்கு நடுவே எங்கோ ஒளிந்திருந்தான்.

அவள் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். அம்புரோஸ் கலயத்தில் கள் ஊற்றச் சொன்னார். பெண்ணின் தகப்பன் ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கொடுத்தால், சம்மதம் என்று பொருள். அவர் எழுந்து, இரண்டு கையாலும் கலயத்தைப் பிடித்து உதட்டருகே கொண்டுபோனார்.

"வேண்டாம் பெரியப்பா," என்றாள் உசோமாக்கா.

மேளக்காரன் ஒரு தட்டு தட்டி நிறுத்திவிட்டான்.

"என்னம்மா?"

"குடிக்காதீங்க. நான் வாங்க மாட்டேன்."

"மகளே, உங்கப்பா இல்லாதப்ப அண்ணன்காரன் நிக்கறதுதான் வழக்கம்."

"அப்பா செத்திருந்தா வழக்கம். அப்பா வராம இருந்திருந்தா வழக்கம். அவரை வர விடாதவரே வந்து அவரு நாற்காலியில உக்கார்றதுக்கு எந்த ஊர்ல வழக்கம் இருக்கு பெரியப்பா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பெரியவர்கள் அதட்டி உட்காரவைத்திருப்பார்கள். அவள் மெதுவாகச் சொன்னதால், பந்தலின் கடைசி வரிசைவரை எல்லோரும் காதைத் தீட்டிக் கேட்டார்கள்.

"நான் பிறந்தன்னைக்கும் அவரு ரோட்டுலதான் இருந்தாரு. 'வழி நல்லா இருக்கு'ன்னு அர்த்தம் வர்ற பேரை எனக்கு வெச்சாரு. என்னை நல்லா இருன்னு சொல்றதுக்காவது அவரு ஒரு தடவை ரோட்டை விட்டு இறங்கி வரட்டும். வர்ற வரைக்கும் நான் இங்கயே நிக்கறேன்."

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "நாங்க கள்ளோட வந்தோம், வக்கீலோட வரல. பொண்ணு உண்டா இல்லையா?"

"பொண்ணு உண்டு," என்றாள் பெர்பெத்துவா. "அப்பன்தான் பஸ்ல வரான்."

அம்புரோஸ் கலயத்தை ஒரு முக்காலியில் வைத்தார். அவர் முகம் தொப்பியின் நிறத்துக்கு வந்திருந்தது.

"எல்லாம் இவளால," என்று மகளைக் காட்டினார். "லீவு குடுக்கறாளாம் லீவு. அவங்கவங்க இஷ்டத்துக்கு நாள் கேளுங்கன்னா. இப்படித்தான் வந்து முடியும்னு எனக்குத் தெரியும்."

ஓலன்மா அதுவரை தலை குனிந்துதான் நின்றிருந்தாள். அந்தக் கடைசி வார்த்தையில் நிமிர்ந்தாள்.

"தெரியுமா?" என்றாள். "எப்ப தெரியும்ப்பா?"

அவர் கழுத்துப் பவளத்தைச் சரிசெய்துகொண்டார்.

"தப்பு என்னுது. எல்லார் முன்னாடியும் சொல்றேன், எனக்குப் பெரிய எக்கே எது, சின்ன எக்கே எதுன்னு தெரியாது." கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. "ஆனா உங்களுக்குத் தெரியும். அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல நான் சொன்னேன், சித்தப்பா கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எக்கேயில லீவு கேட்டிருக்காருன்னு. நீங்க சிரிச்சீங்க. 'இருக்கட்டும், அப்படியே இருக்கட்டும்'னீங்க. தம்பிக்கு ஒரு நாள் குடுத்த சந்தோஷம்னு நெனச்சேன். அந்தச் சிரிப்பு இதுக்கா?"

சிரித்தவர்களின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அவன் வந்து தனியா கேப்பான்னு நெனச்சேன்," என்றார் அம்புரோஸ். குரல் இறங்கியிருந்தது. "உன் திட்டம் உதவாதுன்னு உனக்குப் புரியும், அவனுக்கும் மாத்திக் குடுத்துடலாம்னு. அவன் எல்லா டிரைவருங்க முன்னாடியும் வந்து கேட்டுட்டான். அத்தனை பேர் எதிர்ல நான் எப்படி..."

அவரவர் நாவை அடக்காததால் வரும் கேடு ஒரு பங்கென்றால், 'மாற்றிக்கொள்கிறேன்' என்ற ஒரு சொல்லைச் சொல்லக் கூசுவதால் வரும் கேடு பத்துப் பங்கு. அது இந்தக் குடும்பத்துக்கு மட்டும் வந்த நோய் இல்லை.

"எனக்குப் பாடம் கத்துக்குடுக்க என் தங்கச்சியோட கல்யாண நாளையா எடுத்தீங்க?" என்றாள் ஓலன்மா.

அப்போதுதான் சாலை முனையிலிருந்து, விட்டு விட்டு, ஒரு பஸ் ஹாரன் கேட்டது.

* * *

பனைமரங்களுக்கு நடுவே புழுதியைக் கிளப்பிக்கொண்டு, கூரை மேல் மெத்தைகளும் வெங்காய மூட்டைகளும் ஒரு ஆடும் ஏற்றிய பஸ் பந்தல்வரை வந்து நின்றது. முதலில் துணிக்கடை அம்மா இறங்கினாள். அடுத்தடுத்து, விழித்திருந்த எல்லோரும் இறங்கி, கை கால்களை நீட்டி, அழைப்பு வந்தவர்களைப் போலவே நடந்து வந்தார்கள். கறுப்புக் கண்ணாடிக்காரன் ஆட்டிறைச்சி வாசனை வந்த பக்கம் தலையைத் திருப்பினான்.

கடைசியாக லிவினஸ். வண்டியின் மறைவிலேயே யூனிபார்ம் சட்டையைக் கழற்றி இருக்கையில் போட்டுவிட்டு வந்தார். உள்ளே போட்டிருந்த வெல்வெட் வியர்வையில் நனைந்து, சிறுத்தைகள் எல்லாம் முகம் சுளித்தன.

உசோமாக்கா ஓடவில்லை. சடங்கில் ஓடக் கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், கண்ணீர் பவளத்தில் விழுந்தது.

அம்புரோஸ் நாற்காலியை மறைத்து நின்றார். "வழியை விட்டு வண்டியைத் திருப்பினியா?"

"திருப்பினேண்ணே."

"யாரைக் கேட்டு?"

"எங்களைக் கேட்டு," என்றாள் துணிக்கடை அம்மா. "எங்களுக்கு வயித்த வலி. நீங்கதான் அந்த அண்ணனா? சிவப்புத் தொப்பி அழகா இருக்கு."

லிவினஸ் அண்ணனைத் தாண்டிப் போகவில்லை. எதிரே நின்று, கண்ணைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அண்ணனை அப்படிப் பார்த்ததில்லை.

"நாற்காலியை விடுங்கண்ணே," என்றார். அவ்வளவுதான்.

அம்புரோஸ் ஒதுங்கினார்.

லிவினஸ் முக்காலியிலிருந்து கலயத்தை எடுத்தார். நுரை அடங்கி, ஒரு ஈ விளிம்பில் உட்கார்ந்திருந்தது. அதை ஊதிவிட்டு, ஒரு மடக்கு குடித்தார். மேளக்காரன் காத்திருந்தவன் போல ஆரம்பித்தான். உசோமாக்கா மண்டியிட்டு இரண்டு கையாலும் வாங்கினாள்.

"போம்மா. வழி நல்லா இருக்கு," என்றார்.

அவள் கலயத்தோடு கூட்டத்துக்குள் போனாள். 'எனக்குக் குடு' என்று பொய்யாகக் கூப்பிட்ட ஆண்களையெல்லாம் தாண்டி, மாமரத்துக்குப் பின்னால் ஒபியோராவைக் கண்டுபிடித்தாள். ஊரே குலவையிட்டது. பெர்பெத்துவா மட்டும் குலவையிடாமல், கணவரின் நனைந்த முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆட்டிறைச்சித் தட்டோடு கறுப்புக் கண்ணாடிக்காரன் வந்தான். "எல்லாம் சரி. இப்ப எங்களை யாரு ஓவேரிக்குக் கூட்டிட்டுப் போறது?"

"நான்தான் தம்பி. கொஞ்சம் பொறு."

"நீங்க குடிச்சிட்டீங்களே."

"ஒரு மடக்குப்பா."

"டிக்கெட் சீட்டு முதுகுல எழுதியிருக்கே. வழியெல்லாம் அதைத்தான் படிச்சிட்டு வந்தேன். 'ஒரு சொட்டு குடித்தாலும் எங்கள் ஓட்டுநர் சக்கரத்தைத் தொடமாட்டார்.' கீழ கையெழுத்து, அம்புரோஸ்."

லிவினஸ் அண்ணனைப் பார்த்தார். பெர்பெத்துவாவும் பார்த்தாள். சுற்றி இருந்த ஆண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கையிலிருந்த குவளையைப் பார்த்துக்கொண்டார்கள். பஸ் ஓட்டத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் அந்தப் பந்தலில் இருந்தார்கள். காலையிலிருந்தே குடித்துக்கொண்டும் இருந்தார்கள்.

ஒருவரைத் தவிர. அவரை இன்று யாரும் குடிக்க விடவில்லை.

லிவினஸ் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "உங்க சட்டம்ண்ணே," என்றார். "முதல்ல சொந்த வீட்டுக்கு."

அம்புரோஸ் அந்தச் சாவியைப் பார்த்தார். பயணிகள் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார்கள். அவர் தொப்பியைக் கழற்றி ஓலன்மாவின் கையில் கொடுத்தார். பவளத்தையும் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கினார்.

"திரும்பி வந்து உன்கிட்ட பேசணும்," என்றார் தம்பியிடம். அதில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று லிவினஸுக்குத் தெரியவில்லை.

"வாங்க. இங்கதான் இருப்பேன். இன்னைக்கு எனக்கு லீவு."

* * *

கிளட்ச் அம்புரோஸ் நினைத்ததைவிட இறுக்கமாக இருந்தது. முதல் பள்ளத்தில் வண்டி துள்ளியதும் பின்னாலிருந்து, "டிரைவர், மேல ஆடு இருக்கு, பாத்து" என்று யாரோ அதட்டினார்கள். தார்ச்சாலையில் ஏறிய பிறகுதான், உமுவோபாவில் இறங்காமல் தூங்கிக்கொண்டே இருந்த ஒரு கிழவர் கண் விழித்தார். முன்னால் தள்ளாடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆளை மாத்திட்டாங்களா?" என்றார்.

"ஆமாம் ஐயா."

"அந்தப் பையனுக்கு லீவு கிடைச்சிருச்சா? நல்லது. வழியெல்லாம் கண்ணைத் துடைச்சிட்டே ஓட்டினான்." கிழவர் பையைத் துழாவி, காகிதத்தில் மடித்திருந்த வறுத்த மாவுத்துண்டுகளை எடுத்து அவர் கையில் திணித்தார். "இந்தா, தின்னு. நீயும் வயசானவனா இருக்க. பண்டிகை நாள்ல உன்னைப் பிடிச்சு வண்டி ஓட்ட விட்டுட்டாங்களே. இந்தக் கம்பெனிக்காரனுக்கு மனசே கிடையாதா?"

அம்புரோஸ் மாவுத்துண்டை வாயில் போட்டுக்கொண்டார். கடித்தார்.

"கிடையாது ஐயா," என்றார்.

சட்டைப் பைக்குள் தொலைபேசி அடித்தது. லாகோஸ் நிறுத்தத்தின் எண்ணாகத்தான் இருக்கும். பஸ் உமுவோபாவுக்குத் திரும்பிய கதை இந்நேரம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். நாளை விடிகாலை வண்டிகளை எடுக்க வேண்டிய ஓட்டுநர்கள் எல்லோரும் அங்கேதான் படுத்திருக்கிறார்கள்; இனி அவர்களும் நாளை மாற்றிக் கேட்கலாம். அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

அவர் கை பையை நோக்கிப் போனது.

"ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது டிரைவர்," என்றார் கிழவர். "டிக்கெட் சீட்டு முதுகுல எழுதியிருக்கு."